விருந்தினர் வைஃபை: கதவுக்கு முன்னால் சுவர்

பல ஆக்சஸ் பாயின்ட்களை (வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளை) ஒரே கன்ட்ரோலரிலிருந்தோ கிளவுடிலிருந்தோ நிர்வகிக்கும் வயர்லெஸ் நெட்வொர்க்கில், வந்து போகிறவர்களுக்கு லாகின் கொடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 14 ஆக்சஸ் பாயின்ட், ஒரு கன்ட்ரோலர், ஒரு ஃபயர்வால் இருக்கின்றன. விருந்தினருக்குத் தனி வைஃபையும் அதற்கு ஒரு லாகின் பக்கமும் வேண்டும் என்கிறார் மேலாளர். கன்ட்ரோலரில் 'கெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் போதுமா?
– அலுவலகக் கணினிப் பொறுப்பாளர்

பதில்: அந்தப் பட்டனைக் கடைசியாக அழுத்துங்கள். லாகின் பக்கம் என்பது கதவு. சுவர் எழுப்பாமல் கதவை மட்டும் நிறுத்தினால் பக்கவாட்டில் நடந்தே உள்ளே போய்விடலாம். லாகின் செய்துவிட்ட விருந்தினர் உங்கள் கணக்குப் பிரிவின் சர்வரைத் தொட முடிகிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு லாகின் பக்கம் விடை சொல்லாது.

சுவர் என்பது தனி வி-லேன், அதாவது அதே கேபிள்களில் ஓடினாலும் தனியாகப் பிரித்து வைத்த நெட்வொர்க். உதாரணத்துக்கு 50 என்று எண் வையுங்கள், 172.20.0.0/22 என்ற முகவரித் தொகுப்பைக் கொடுங்கள். 1022 முகவரிகள் கிடைக்கும். இந்த வி-லேனின் கேட்வே (வெளியே போகும் வாசல்) ஃபயர்வாலில் இருக்க வேண்டும், நடு சுவிட்சில் இருக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நடு சுவிட்ச் ரூட்டிங் செய்யும் வகையாக இருந்து, அதில் வி-லேன் 50-க்கும் ஒரு ஐபி முகவரி கொடுத்துவிட்டால், விருந்தினர் அனுப்புவதை அந்த சுவிட்சே அலுவலக வி-லேனுக்குத் திருப்பிவிடும். ஃபயர்வாலில் நீங்கள் எவ்வளவு கவனமாக விதி எழுதினாலும் அந்தப் போக்குவரத்து அங்கே வரவே வராது. விதிகள் எல்லாம் சரியாக இருக்கும்போதே சுவர் ஓட்டையாகிப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து, வி-லேன் 50 எந்தெந்த போர்ட் வழியாகப் போக வேண்டும் என்று பாருங்கள். ஆக்சஸ் பாயின்ட்கள் போக்குவரத்தை நேராக சுவிட்சில் இறக்கும் அமைப்பானால், ஆக்சஸ் பாயின்ட் செருகியிருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும், சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிரங்கிலும் (பல வி-லேன்களைச் சுமக்கும் இணைப்பு) 50 டேக் ஆகியிருக்க வேண்டும். ஒரு டிரங்கில் விட்டுப்போனாலும் அந்த மாடி முழுவதும் போன்களுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரிதான் வரும், அல்லது 'முகவரி பெறுகிறது' என்றே நின்றுவிடும். எல்லாப் போக்குவரத்தும் கன்ட்ரோலருக்குச் சுரங்கமாகப் போகும் அமைப்பானால் வேலை குறைவு: கன்ட்ரோலரின் போர்ட்டிலிருந்து ஃபயர்வால் வரையுள்ள வழியில் மட்டும் 50 இருந்தால் போதும். அந்தச் சுரங்கம் கேப்வேப் ஆக இருந்தால் யுடிபி 5246, 5247 இரண்டும் ஆக்சஸ் பாயின்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே திறந்திருக்க வேண்டும்.

ஃபயர்வாலில் விதிகளின் வரிசை முக்கியம். முதலில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி தரும் சேவை), நீங்கள் குறிப்பிடும் ஒரே டிஎன்எஸ் சர்வர் (தளப் பெயரை ஐபி முகவரியாக்குவது), லாகின் பக்கத்தின் முகவரி ஆகியவற்றை அனுமதியுங்கள். அதன் கீழே 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற உள்முகவரித் தொகுப்புகள் மூன்றையும் மொத்தமாக மறுத்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்துக்குப் பொது ஐபி முகவரிகள் இருந்து அவற்றில் உள் சேவைகள் ஓடினால் அவற்றையும் சேருங்கள். ஃபயர்வாலின் சொந்த நிர்வாகப் பக்கத்தையும் மறக்காதீர்கள்: விருந்தினர் தன் கேட்வே முகவரியை உலாவியில் தட்டினால் ஃபயர்வாலின் லாகின் திரை வரக் கூடாது. வெளியே போகும் டிசிபி 25-ஐ மூடுங்கள். வைரஸ் பிடித்த ஒரு லேப்டாப் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் கெட்ட பெயர் உங்கள் ஐபி முகவரிக்குத்தான். மற்றதை இணையத்துக்கு விடுங்கள். 80, 443 மட்டும் போதும் என்று இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வைஃபை வழி அழைப்புகளுக்கும் பல விபிஎன்களுக்கும் தேவையான யுடிபி 500, 4500 அடைபடும். வீடியோ அழைப்புகளும் திக்கும்.

ஐபிவி4-க்கு எழுதிய அத்தனை விதியையும் ஐபிவி6-க்கும் எழுதுங்கள். விருந்தினருக்கு ஐபிவி6 தருவதில்லை என்றால் அந்த வி-லேனில் அது அறவே இல்லை என்று சரிபாருங்கள். பாதி அமைத்த ஐபிவி6, பின்பக்க ஜன்னல்.

இனி எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்) உருவாக்கி வி-லேன் 50-இல் கட்டுங்கள். 'கிளையன்ட் ஐசொலேஷன்' போடுங்கள். ஒரு விருந்தினரின் போன் இன்னொருவர் போனைப் பார்க்காமல் இருக்க இதுதான் வழி. சில அமைப்புகளில் இது ஒரே ஆக்சஸ் பாயின்டில் இணைந்த இருவரை மட்டுமே பிரிக்கும். இரண்டு வெவ்வேறு ஆக்சஸ் பாயின்ட்களில் இருப்பவர்கள் சுவிட்ச் வழியாக ஒருவரை ஒருவர் எட்டுவார்கள். அங்கேயும் தடுக்க சுவிட்சில் பிரைவேட் வி-லேன் அல்லது போர்ட் ஐசொலேஷன் வேண்டும்.

லாகின் பக்கத்தை இணைக்கும் முன் தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்டு மட்டும் போட்டுச் சோதியுங்கள். லேப்டாப்பை இணைத்து, அலுவலக சர்வர், பிரின்டர், கன்ட்ரோலர், சுவிட்ச், கேட்வேயின் நிர்வாக போர்ட்கள் ஆகியவற்றை என்மேப் என்ற சோதனைக் கருவி கொண்டு தட்டிப் பாருங்கள். இன்னொரு போனை வேறு மாடியில் இணைத்து அதையும் பிங் செய்து பாருங்கள். எதுவும் பதில் சொல்லக் கூடாது. இணையம் மட்டும் ஓட வேண்டும். சுவர் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு 'கெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். இந்த வரிசையில் போனால், பிறகு ஏதாவது ஓடாதபோது கோளாறு லாகின் பக்கத்தில்தான் என்று உடனே தெரியும். எல்லாவற்றையும் ஒரே மாலையில் சேர்த்துப் போட்டால் எது உடைந்தது என்று தேடியே மறுநாள் போய்விடும்.

கேள்வி: வரவேற்பறைச் சுவரில் பாஸ்வேர்டை ஒட்டிவைத்தால் ஆகாதா? லாகின் பக்கம் எதற்கு?
– சிறு மருத்துவமனை நிர்வாகி

பதில்: ஆகும், சில இடங்களில் அதுவே நல்லது. இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. பாஸ்வேர்டு காற்றில் போகும் தகவலை மறைகுறியாக்குகிறது. லாகின் பக்கம் யார், எவ்வளவு நேரம் என்று கணக்கு வைக்கிறது; விதிமுறைக்குச் சம்மதம் வாங்குகிறது. திறந்த வைஃபை மேல் லாகின் பக்கம் மட்டும் வைத்தால், லாகின் செய்த பிறகும் காற்றில் போவது மறைகுறியாக்கப்படாமலே போகும். 'லாகின் செய்தேன், அதனால் பாதுகாப்பு' என்று விருந்தினர் நினைப்பது தவறு.

யார் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லையென்றால் பாஸ்வேர்டு மட்டும் போதும். மாதம் ஒருமுறை மாற்றுங்கள். தெரிய வேண்டும் என்றால் லாகின் பக்கம். உங்கள் கருவிகள் இடம் கொடுத்தால் லாகின் பக்கத்தோடு 'என்ஹான்ஸ்டு ஓப்பன்' என்ற முறையைச் சேருங்கள். பாஸ்வேர்டு கேட்காமலேயே ஒவ்வொரு போனுக்கும் தனி மறைகுறியாக்கம் தரும். ஆண்ட்ராய்டு 10 முதல் இதற்கு இடமுண்டு. பழைய போன்களுக்காக 'டிரான்சிஷன்' நிலையில் வைக்கலாம். ஒன்று கவனியுங்கள்: 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மறைகுறியாக்கம் இல்லாத திறந்த வைஃபைக்கு அனுமதியே இல்லை, டிரான்சிஷன் நிலையும் அங்கே கிடையாது. புதிய ஆக்சஸ் பாயின்ட் வாங்கியும் விருந்தினர் எஸ்எஸ்ஐடி 6 கிகாஹெர்ட்ஸில் தெரியவில்லை என்று தேடுபவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: எங்கள் விடுதியில் சிலருக்கு லாகின் பக்கம் தானாக வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. 'இணைந்தது, இணையம் இல்லை' என்று நிற்கிறது. ஐபோனில் வருவது ஆண்ட்ராய்டில் வரவில்லை. என்ன செய்வது?
– விடுதி மேலாளர்

பதில்: இந்த வாரம் அதிகம் வந்த கேள்வி இது. பக்கம் எப்படி 'தானாக' வருகிறது என்று புரிந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள்.

போன் வைஃபையில் இணைந்த உடனே, மறைகுறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி முறையில் ஒரு குறிப்பிட்ட முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. ஆப்பிள் கருவிகள் 'கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம்' என்ற முகவரியைக் கேட்டு, பதிலில் 'சக்சஸ்' என்ற சொல்லை எதிர்பார்க்கும். ஆண்ட்ராய்டு 'கனெக்டிவிட்டிசெக் டாட் ஜிஸ்டாட்டிக் டாட் காம்' என்ற முகவரியைக் கேட்டு, 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். விண்டோஸ் 'எம்எஸ்எஃப்டிகனெக்ட்டெஸ்ட் டாட் காம்' பக்கம் போகும். எதிர்பார்த்த பதில் வந்தால் 'இணையம் இருக்கிறது' என்று போன் அடங்கிவிடும். நடுவில் கன்ட்ரோலர் புகுந்து 302 என்ற திசைதிருப்பலைக் கொடுத்தால்தான் 'இங்கே லாகின் இருக்கிறது' என்று சின்ன ஜன்னலைத் திறக்கும்.

ஆகவே பக்கம் வராமல் போக மூன்று பெரிய காரணங்கள் உண்டு. உங்களுடையது, கேட்ட விதத்தைப் பார்த்தால், முதலாவது.

லாகினுக்கு முன்பே அனுமதிக்கும் முகவரிப் பட்டியல் ஒன்று கன்ட்ரோலரில் இருக்கும். 'வால்டு கார்டன்' என்பார்கள். கூகுள் கணக்கு மூலம் லாகின் தர வேண்டும் என்று யாரோ அதில் ஜிஸ்டாட்டிக் டாட் காமின் எல்லாத் துணை முகவரிகளையும் நட்சத்திரக் குறி போட்டுச் சேர்த்திருப்பார்கள். ஆண்ட்ராய்டின் சோதனை முகவரியும் அதற்குள் அடக்கம். சோதனை தடையில்லாமல் வெளியே போய் 204 வாங்கி வந்துவிடும். இங்கே லாகின் எதுவும் இல்லை என்று போனுக்குத் தோன்றும், ஜன்னல் திறக்காது, வேறு எந்தப் பக்கமும் ஓடாது. பட்டியலிலிருந்து நட்சத்திரக் குறிகளை எடுத்துவிட்டுத் தேவையான முழு முகவரிகளை மட்டும் வையுங்கள். எங்கள் கருத்து: கூகுள் கணக்கு லாகினையே விட்டுவிடலாம். செயலிக்குள் திறக்கும் சின்ன உலாவிகளில் கூகுள் தன் லாகினை மறுக்கிறது. லாகின் ஜன்னலும் அந்த வகையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, டிஎன்எஸ். லாகினுக்கு முன்னால் டிஎன்எஸ் ஓடவில்லையென்றால் சோதனை முகவரியையே போனால் கண்டுபிடிக்க முடியாது. திசைதிருப்ப எதுவும் இருக்காது. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் ஒரு சர்வர் பெயரைக் கட்டாயமாகப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இது நடக்கக்கூடும். அது பெரும்பாலும் டிசிபி 853 வழியாகப் பேசும், லாகினுக்கு முன் அந்த வழி மூடியிருக்கும். அவர்களை 'தானியங்கி' என்று மாற்றச் சொல்லுங்கள். எப்போதும் ஓடும்படி விபிஎன் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது, விருந்தினர் ஜன்னலை மூடிவிட்டு உலாவியில் வங்கிப் பக்கத்தையோ தேடுபொறியையோ திறப்பது. அவை எச்டிடிபிஎஸ். அவற்றைத் திசைதிருப்ப முயன்றால் சான்றிதழ் பெயர் பொருந்தாது, உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும். எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று அறிவிக்கும் எச்எஸ்டிஎஸ் உள்ள தளங்களில் 'பரவாயில்லை, தொடர்க' என்ற வழிகூட இராது. கன்ட்ரோலரில் 'எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட்' என்ற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதை விட மிரட்டுவது அதிகம், கன்ட்ரோலரின் சுமையும் கூடும். அறையில் வைக்கும் அட்டையில் லாகின் பக்கத்தின் முகவரியையே அச்சிடுங்கள். அவசரத்துக்கு 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' என்று தட்டச் சொல்லலாம். அது வேண்டுமென்றே மறைகுறியாக்கம் இல்லாமல் வைக்கப்பட்ட தளம், எளிதாகத் திசைதிரும்பும்.

இப்படி நடுவில் புகுந்து திசைதிருப்பும் முறைக்கு மாற்று வந்துவிட்டது. 2020-இல் வெளியான ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, டிஹெச்சிபியிலேயே 114-ஆம் ஆப்ஷனாக லாகின் அமைப்பின் முகவரியைச் சொல்லிவிடலாம். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 11 முதல் இதைப் புரிந்துகொள்கின்றன. பழைய கையேடுகளில் 160 என்று இருக்கும். அந்த எண் கைவிடப்பட்டுவிட்டது. உங்கள் கன்ட்ரோலரில் இதற்கு வசதி இருந்தால் பழைய திசைதிருப்பலோடு சேர்த்தே இயக்குங்கள்.

கேள்வி: லாகின் பக்கம் வருகிறது, ஆனால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பயமுறுத்துகிறது. சான்றிதழ் வாங்கிப் போட்டேன். லேப்டாப்பில் சரியாகிவிட்டது, ஆண்ட்ராய்டில் இன்னும் அதே எச்சரிக்கை.
– கல்லூரி ஆய்வக உதவியாளர்

பதில்: லேப்டாப்பில் சரி, ஆண்ட்ராய்டில் தவறு என்றால் இடைநிலைச் சான்றிதழை (உங்கள் சான்றிதழை, போன் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது) விட்டுவிட்டீர்கள். விண்டோஸ் போன்றவை விட்டுப்போன இடைநிலைச் சான்றிதழைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு தேடாது. உங்கள் சான்றிதழ் முதலில், அதன் கீழே இடைநிலை என்று ஒரே கோப்பில் அடுக்கி, கன்ட்ரோலரில் மறுபடி ஏற்றுங்கள்.

இன்னும் இரண்டைப் பாருங்கள். சான்றிதழ் ஒரு பெயருக்குத்தான், ஆகவே கன்ட்ரோலர் விருந்தினரை ஐபி எண்ணுக்கு அனுப்பாமல் அந்தப் பெயருக்கு அனுப்ப வேண்டும். விருந்தினருக்குக் கொடுத்த டிஎன்எஸ் சர்வருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று சில கருவிகள் வெளியே கேட்டுப் பார்க்கும், அந்த முகவரிகளை வால்டு கார்டனில் அனுமதியுங்கள்.

பழைய கன்ட்ரோலரானால் அதன் 'விர்ச்சுவல் ஐபி' (லாகின் பக்கத்துக்காகக் கன்ட்ரோலர் வைத்துக்கொள்ளும் முகவரி) என்னவென்று பாருங்கள். முன்பெல்லாம் 1.1.1.1 என்று போடுவது வழக்கமாக இருந்தது. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் அதே முகவரியில் பொது டிஎன்எஸ் சேவை தொடங்கியது. அன்றிலிருந்து அது மோதலுக்கு வழி. எடுத்துக்காட்டுகளுக்காக ஒதுக்கிவைத்த 192.0.2.0/24 தொகுப்பிலிருந்து 192.0.2.1 போடுங்கள்.

நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் தரப்படுபவை 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். கையால் புதுப்பிப்பது கட்டுப்படியாகாது. தானாகப் புதுப்பிக்க இடம் தராத கன்ட்ரோலரானால், லாகின் பக்கத்தை மட்டும் வெளி சர்வருக்கோ கிளவுடுக்கோ மாற்றுவதை இப்போதே யோசியுங்கள்.

கேள்வி: விருந்தினர் ஒருமுறை லாகின் செய்தால் 7 நாளைக்குக் கேட்கக் கூடாது என்று அமைத்திருக்கிறோம். ஆனால் மதிய உணவுக்குப் போய் வந்தாலே மறுபடி கேட்கிறது என்று புகார்.
– பயிற்சி மையப் பொறுப்பாளர்

பதில்: கன்ட்ரோலரில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. லாகினிலிருந்து மொத்த நேரத்தை எண்ணுவது ஒன்று, சும்மா இருக்கும் நேரத்தை எண்ணுவது இன்னொன்று. நீங்கள் முதலாவதை 7 நாளாக்கியிருக்கிறீர்கள். இரண்டாவது பல கன்ட்ரோலர்களில் 300 விநாடியாகவே இருக்கும். பையில் தூங்கும் போன் 5 நிமிடம் பேசாவிட்டால் வெளியே தள்ளப்படும். அதை 4 மணி நேரமாக்குங்கள்.

அதற்குப் பிறகும் சிலருக்கு வந்தால் மேக் முகவரிதான் (நெட்வொர்க்கில் ஒரு கருவியின் அடையாள எண்) காரணம். 'இந்தப் போன் ஏற்கனவே லாகின் செய்தது' என்று கன்ட்ரோலர் மேக் முகவரியை வைத்தே நினைவு வைக்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை முகவரி காட்டுகின்றன. அது பெரும்பாலும் அதே பெயருக்கு மாறாமல் இருக்கும். ஆனால் ஐஓஎஸ் 18-இல், பாஸ்வேர்டு இல்லாத வைஃபைகளுக்கு 'சுழலும்' முகவரிதான் இயல்பு நிலை. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். எனவே 7 நாள் பெரும்பாலும் தாங்கும், 30 நாள் தாங்காது. புனை முகவரியை அடையாளம் காண எளிய வழி உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும்.

மேக் மறைப்பை அணைக்கச் சொல்லி விருந்தினரிடம் கேட்காதீர்கள்; அது அவர்களின் தனியுரிமைக்காக வந்த வசதி. ஒரு வவுச்சருக்கு (விருந்தினருக்குத் தரும் லாகின் குறியீடு) ஒரு கருவி என்று வரம்பு வைத்திருந்தால் மூன்றாக்குங்கள், முகவரி மாறிய அதே போனை வேறு போன் என்று எண்ணி வெளியே நிறுத்தாமல் இருக்கும். மாதக்கணக்கில் வந்து போகிறவர்களுக்கு பாஸ்பாயின்ட் புரொஃபைலோ (லாகின் பக்கம் இல்லாமல் போனைத் தானாக இணைக்கும் அமைப்பு) தனிப் பயனர் கணக்கோ கொடுப்பதுதான் நிலையான வழி.

கேள்வி: கருத்தரங்க அரங்கில் காலையில் எல்லாம் ஓடுகிறது. மதிய அமர்வில் புதிதாக வருபவர்களுக்கு இணைப்பே கிடைப்பதில்லை. காலை 180 பேர், மதியம் வேறு 180 பேர். முகவரித் தொகுப்பு /24.
– அரங்க ஒருங்கிணைப்பாளர்

பதில்: உங்கள் டிஹெச்சிபி லீஸ் (ஒரு கருவிக்குத் தந்த முகவரி அதனிடமே இருக்கும் காலம்) இப்போது 24 மணி நேரமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. /24-இல் 254 முகவரி. காலை 180 பேரில் பலரிடம் போனோடு லேப்டாப்பும் இருக்கும்; அரங்கைக் கடந்து போகிறவர்களின் போன்கூட திறந்த வைஃபையில் தானாக இணைந்து, லாகின் செய்யாமலேயே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு போகும். லாகின் செய்தவர் எண்ணிக்கையைப் பார்த்து முகவரியைக் கணக்கிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. அரங்கை விட்டுப் போனவர்களின் முகவரி மறுநாள் வரை திரும்பாது.

தொகுப்பை /21 ஆக்குங்கள், 2046 முகவரி. லீஸை 1 மணி நேரமாக்குங்கள். பாதி நேரத்தில், அதாவது 30 நிமிடத்தில், போன்கள் புதுப்பிக்கும். அது சர்வருக்குச் சுமையே இல்லை. 5 நிமிடம் என்று வைத்தால் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு போனும் கேட்கும். வேண்டாம். பெரிய சப்நெட்டில் பிராட்காஸ்ட் பெருகும் என்ற பயம் பழைய காலத்தது. கிளையன்ட் ஐசொலேஷனும் ஏஆர்பி பிராக்ஸியும் (முகவரித் தேடல்களுக்குப் போன்களின் சார்பில் பதில் சொல்லும் வசதி) போட்டிருந்தால் அது காற்றுக்கு வராது. ஃபயர்வாலில் கேட்வேயின் சப்நெட் மாஸ்க்கை மாற்றாமல் டிஹெச்சிபியில் மட்டும் மாற்றுவது இன்னொரு வழக்கமான தவறு: முகவரி கிடைக்கும், இணையம் கிடைக்காது.

கேள்வி: லாகின் பக்கத்தை வெளி ரேடியஸ் சர்வரில் (பயனர்களைச் சரிபார்க்கும் சர்வர்) வைத்திருக்கிறோம். பயனர் பெயர், பாஸ்வேர்டு சரி, 'வெற்றி' என்றும் வருகிறது. உடனே மறுபடி அதே லாகின் பக்கம். சுற்றிக்கொண்டே இருக்கிறது.
– நெட்வொர்க் பொறியாளர்

பதில்: லாகின் வெற்றி என்ற செய்தி சர்வருக்குத் தெரிகிறது, கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரவில்லை. 'இவர் லாகின் செய்துவிட்டார், தடையை எடு' என்று சர்வர் கன்ட்ரோலருக்கு அனுப்பும் கட்டளைக்கு சிஓஏ என்று பெயர். வழக்கமான ரேடியஸ் போக்குவரத்து யுடிபி 1812, 1813 வழியாகக் கன்ட்ரோலரிலிருந்து சர்வருக்குப் போகிறது. சிஓஏ எதிர்த் திசையில், சர்வரிலிருந்து கன்ட்ரோலருக்கு வருகிறது: யுடிபி 3799, சில சிஸ்கோ அமைப்புகளில் 1700. நடுவிலுள்ள ஃபயர்வாலில் போகும் திசையை மட்டும் திறந்திருப்பீர்கள். அதைத் திறந்தபின் கன்ட்ரோலரில் அந்த சர்வருக்கு சிஓஏ அனுமதி இருக்கிறதா, ரகசியச் சொல் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

அதுவும் சரியென்றால் திசைதிருப்பும் ஏசிஎல் (எதை விடுவது, எதைத் திருப்புவது என்ற விதிப் பட்டியல்) காரணமாக இருக்கலாம். சர்வர் அனுப்பும் ஏசிஎல் பெயர் கன்ட்ரோலரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அதன் பொருளும் அமைப்புக்கு அமைப்பு தலைகீழ். சிஸ்கோவின் பழைய ஏர்ஓஎஸ் கன்ட்ரோலரில் 'பெர்மிட்' என்றால் தடையின்றி விடு, 'டினை' என்றால் திசைதிருப்பு. புதிய ஐஓஎஸ்-எக்ஸ்இ கன்ட்ரோலரில் 'பெர்மிட்' என்பதுதான் திசைதிருப்பு. பழையதிலிருந்து புதியதுக்கு மாறும்போது ஏசிஎல்லை அப்படியே நகலெடுத்தவர்கள் எல்லோரும் இதில் இடறுகிறார்கள்.

கேள்வி: வவுச்சர், எஸ்எம்எஸ் ஓடிபி, மின்னஞ்சல், ஊழியர் ஒப்புதல் – எதைத் தேர்ந்தெடுப்பது?
– வரவேற்பறை மேற்பார்வையாளர்

பதில்: வரவேற்பறையில் ஆள் இருந்தால் வவுச்சர். கன்ட்ரோலரில் விருந்தினர் கணக்கு உருவாக்க மட்டும் உரிமை உள்ள தனிப் பயனர் கணக்கை வரவேற்பாளருக்குக் கொடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டைப் பகிராதீர்கள். வவுச்சரில் 8 எழுத்து போதும். 0-ம் ஓவும், 1-ம் ஐயும் கலந்து வராதபடி எழுத்துத் தொகுப்பைக் குறையுங்கள், பாதிப் புகார் குறையும்.

எஸ்எம்எஸ், நிலத்தடித் தளங்களில் சிக்னல் இல்லாமல் தவிக்கும். வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு வராமலும் போகும். மின்னஞ்சல் சரிபார்ப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது: சரிபார்ப்புக் கடிதத்தைப் படிக்கவே இணையம் வேண்டும். 10 நிமிடத் தற்காலிக அனுமதி கொடுத்தால்தான் அது ஓடும். ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்கு ஊழியர் ஒப்புதல் நல்லது, ஆனால் ஒப்புதல் தர வேண்டியவர் கூட்டத்தில் இருந்தால் விருந்தினர் காத்திருப்பார். இரண்டு பேரையாவது ஒப்புதல் பட்டியலில் வையுங்கள்.

கேள்வி: கூட்ட அறை டிவியில் விருந்தினர் தம் போன் திரையைக் காட்ட வேண்டும். ஐசொலேஷனை எடுத்துவிடலாமா?
– அலுவலக உதவி மேலாளர்

பதில்: எடுக்காதீர்கள். ஒரு டிவிக்காக எல்லா விருந்தினரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி ஆகிவிடும்.

டிவியைத் தனி வி-லேனில் வையுங்கள். போன்கள் டிவியைத் தேடுவது எம்டிஎன்எஸ் மூலம், 224.0.0.251, யுடிபி 5353. அது ஒரு வி-லேனைத் தாண்டாது. கன்ட்ரோலரில் 'எம்டிஎன்எஸ் கேட்வே' இருந்தால் அந்த டிவியின் சேவையை மட்டும் விருந்தினர் வி-லேனுக்குக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஃபயர்வாலில், உள்முகவரிகளை மறுக்கும் விதிக்கு மேலே, விருந்தினரிலிருந்து அந்த டிவிக்கு மட்டும் வழி விடுங்கள். குரோம்காஸ்ட் ஆனால் டிசிபி 8008, 8009 முதலில் வேண்டும். டிவியால் லாகின் பக்கத்தை நிரப்ப முடியாது, ஆகவே லாகின் கேட்காத வி-லேனில் இருப்பதே அதற்கு வசதி. மாதம் நான்கு கூட்டம்தான் என்றால் மேசையில் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். நாங்கள் அதைத்தான் பரிந்துரைப்போம்.

கேள்வி: விருந்தினர், ஒப்பந்ததாரர், விற்பனையாளர், பயிற்சியாளர் என்று தனித்தனி எஸ்எஸ்ஐடி வைக்கலாமா?
– தொழிற்சாலைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு

பதில்: வேண்டாம். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் ஒவ்வொரு ரேடியோவிலும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை பீக்கன் (தன் இருப்பை அறிவிக்கும் சிக்னல்) அனுப்பும். ஒரு பீக்கன் 300 பைட் என்று கொண்டால், 1 எம்பிபிஎஸ் வேகத்தில் சுமார் 2.6 மில்லிவிநாடி காற்றைப் பிடிக்கும். அதாவது சேனலின் இரண்டரை சதவீதம். ஒரே சேனலில் 4 ஆக்சஸ் பாயின்ட் காதில் விழும் இடத்தில் 5 எஸ்எஸ்ஐடி வைத்தால், யாரும் எதுவும் செய்யாமலே பாதிக் காற்று போய்விடும். ஒரே விருந்தினர் எஸ்எஸ்ஐடி வையுங்கள். லாகின் செய்பவர் யார் என்பதைப் பார்த்து ரேடியஸ் மூலம் வி-லேனையும் வேகத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்துக் குறைந்தபட்சம் 12 என்று வைத்தால் பீக்கன் செலவு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். பழைய பார்கோடு ஸ்கேனர்கள் ஏதும் அந்தக் குறைந்த வேகங்களை நம்பியிருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஐபி முகவரியிலிருந்து ஏதோ தவறு நடந்தது என்று யாராவது விசாரித்து வந்தால், எந்த விருந்தினர் என்று எப்படிச் சொல்வது?
– நூலக நிர்வாகி

பதில்: விருந்தினர் எல்லோரும் ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பதால், விசாரிப்பவரிடம் முகவரியோடு துல்லியமான நேரத்தையும் மூல போர்ட் எண்ணையும் கேளுங்கள். போர்ட் எண் இல்லாமல் ஒருவரைச் சுட்ட முடியாது. உங்கள் பக்கம் மூன்று பதிவுகள் வேண்டும்: ஃபயர்வாலின் நாட் (உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலை) பதிவு, டிஹெச்சிபி லீஸ் பதிவு, லாகின் பதிவு. முதலாவது போர்ட்டை உள் ஐபியாக்கும், இரண்டாவது உள் ஐபியை மேக் முகவரியாக்கும், மூன்றாவது மேக் முகவரியை ஆளாக்கும். எவ்வளவு நாள் வைக்க வேண்டும், என்ன விவரம் கேட்கலாம் என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். அதற்கு மேல் ஒரு நாளும் வைக்காதீர்கள்.

மூன்று கருவிகளின் கடிகாரமும் ஒரே என்டிபி சர்வரைப் (நேரம் சொல்லும் சர்வர்) பார்க்க வேண்டும். 3 நிமிடம் பிசகினாலும், லீஸ் 1 மணி நேரமாக உள்ள இடத்தில் பழி வேறொருவர் மேல் விழக்கூடும். இப்போதே ஒத்திகை பாருங்கள்: உங்கள் போனை விருந்தினராக இணைத்து, உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள வெளி சர்வர் ஒன்றைத் தொட்டு, அந்த சர்வரின் பதிவில் விழுந்த முகவரி, போர்ட், நேரம் மூன்றை மட்டும் சக ஊழியரிடம் கொடுங்கள். அவர் பதிவுகளைத் தேடி உங்கள் பெயரில் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் நாட் பதிவுதான் அணைந்திருக்கும்.